காலி என்று சொல்லும் முன்

என் கதிரையில் இனி நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன்; பெட்டி கட்டியாகிவிட்டது. எந்த மை, எந்த முத்திரை, எதை எந்த அலுமாரியில் அடுக்குவது என்பதையெல்லாம் பெரிய கிளாக்கர் சொல்லித் தருவார். ஒரு கிழமையில் பழகிவிடும். நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. இந்த வேலையில் வரும் பயத்தைப் பற்றி.

நம்மை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டுத் தீர்ப்பின்படி ஒரு குடும்பத்தை வாடகை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால், ராணியின் பெயரில் எழுதிய கட்டளையோடு, அதை நிறைவேற்றும் அதிகாரி பிஸ்கால் ஐயா போவார். குடியிருந்தவர்கள் விட்டுப்போன சாமான்களைப் பார்த்து எழுதி, வெளியே வளவில் இறக்கி, ஊர்த் தலைவர் விதானையாரின் பொறுப்பில் விட்டு, வெறும் வீட்டை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் இருக்கும் உள்ளறைக்குள் அந்நிய ஆண் போக மாட்டான். பிஸ்கால் ஐயாவும் போக மாட்டார். எத்தனையோ கட்டளைகள் அந்த அறை வாசலோடு திரும்பி வந்திருக்கின்றன. அதற்காகத்தான் ஒரு பெண்ணை வைத்தார்கள். நாம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து "காலி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் ஐயா வீட்டைக் கைமாற்றுவார்.

நான் சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியில் முதலில் கால் வைத்தவள். வாப்பா பெருவிரலை மையில் தொட்டு வைக்கிற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை ஒளிக்கப் போவதுமில்லை. சந்தைக்குள் நடந்தால் "பொம்பிளப் பிஸ்கால் வாறா, சட்டி பானைய ஒளிச்சு வைங்க கா" என்று மீன்காரிகள் சிரிப்பார்கள். உங்களுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

எல்லா வீடும் பயமாக இருக்காது. சில வீடுகளில் சிரிப்பும் வரும். ஒரு தடவை அடைகிடந்த கோழியொன்றைச் சாமானோடு சேர்ப்பதா என்று பெரிய வாக்குவாதம். கோழியும் முட்டையும் குடியிருந்தவருக்குச் சொந்தம், ஆனால் கட்டளைக்குப் பிறகு பொரிக்கிற குஞ்சு தன்னுடையது என்று வீட்டுக்காரர் சாதித்தார். ஐயா கோழியை ஓலைக் கடகத்தோடு தானே தூக்கிவைத்து எழுதிவிடச் சொன்னார். அது அவர் கையைக் கொத்தியது.

ஆனால் ஆட்கள் போய்விட்ட வீட்டுக்குள் தனியே நிற்பது வேறு. பாதி அரைத்த மா ஆட்டுக்கல்லில் கிடக்கும். கொடியில் ஒரு சட்டை ஈரம் காயாமல் தொங்கும். இப்போதே யாரோ முதுகுப் பக்கத்தால் வந்து "என்ன எடுக்கிறாய்" என்று கேட்பார்கள் போல இருக்கும். எனக்கு ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பயந்ததில் வெட்கமில்லை. பயத்தில் வேகமாக வேலையை முடித்துவிட்டு வெளியே ஓடிவரப் பார்ப்பதுதான் ஆபத்து. அது எப்படி என்று தெரிய மருதமுனை வீட்டைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டும்.

அது தெருவிலிருந்து பிரிந்து போகும், தறிச் சத்தம் ஓயாத ஒரு ஒழுங்கை. நாங்கள் உள்ளே நடக்க நடக்க இருபக்கத்திலும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வேலிக்கு மேலால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நிசப்தத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு ஹாஜியார். அந்த வளவை மகளுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். ஓலை வீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்ட வேண்டும், அது முடிந்தால்தான் கலியாணம். அவருடைய அவசரத்துக்கும் காரணம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். கூரை பிரிக்கக் கூலிக்காரர்களையும் ஏணியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். குடியிருந்தவர் ஒரு நெசவுகாரர். வழக்கு நடக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய மனைவியும் மனைவியின் தமையனும் வீட்டில் இருந்ததாகக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

முன்கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டோம், ஆளில்லை.

"சுபஹுத் தொழுகைக்கு முந்தியே வண்டில் கட்டிப் போயிட்டாங்க," என்றார் ஹாஜியார். "நீங்க எழுதிறத எழுதுங்க. மழை வாற மாதிரி இரிக்கி."

விதானையார் வந்து சேரவில்லை. அவர் இல்லாமல் சாமானை ஒப்படைக்க முடியாது. ஐயா குடையை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார். போகுமுன் என்னிடம், "நான் வரும்வரைக்கும் ஒண்டிலயும் கைவைக்க விடாதீங்க பிள்ளை. வீடு இன்னும் நம்மட பொறுப்பில்தான்," என்றார். ஹாஜியாரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

நான் அடுப்படியைப் பார்த்தேன். சாம்பல் அள்ளியிருந்தது, பானைகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. முழுதாகப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் உள்ளறை வாசலோரம் ஒரு குடம் இருந்தது. நிறையத் தண்ணீர், மேலே சிரட்டை மூடி, வெளிப்புறம் ஈரம். எங்கள் உம்மா ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவா. வீட்டை விட்டே போகிறவர்கள் யாருக்காகத் தண்ணீர் நிறைத்து வைப்பார்கள்?

உள்ளறை வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உங்களில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை என்றபடியால் சொல்கிறேன். புருஷன் மௌத்தானால் மனைவி குறித்த காலம் முடியும்வரை அந்த வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருப்பாள். அதை இத்தா என்போம். அந்த வெள்ளை அதற்குத்தான். அதைக் கண்டதும் கூலிக்காரர்கள் வளவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

"அது சும்மா கட்டின கட்டு," என்று வாசலில் நின்றபடி ஹாஜியார் சொன்னார். "வெள்ளையக் கண்டா பிஸ்கால் திரும்பிப் போவாரெண்டு நினைப்பு. பொம்பிள ஒருத்தி வருவா எண்டு அவனுகளுக்குத் தெரியாதே. போய்ப் பாருங்க புள்ள, அதுக்குத்தானே படிச்ச புள்ள வந்திரிக்கீங்க."

துணிக்கு வெளியில் நின்று ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் ஒரு முஸ்லிம் பெண் இருக்க மாட்டாள் என்று நம்பித் துணியை விலக்கினேன்.

சின்ன அறை. ஜன்னல் இல்லை. நடுவில் நிலத்தோடு குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். தறியில் ஆண்கள் உடுக்கும் சாரமொன்று பாதி நெய்த நிலையில் இழுத்துக் கட்டியபடியே நின்றது. மூலையில் ஒரு பெட்டகம், சுருட்டிய பன்பாய், பலகையில் குர்ஆன். குர்ஆனை முதலில் எடுத்து உயரத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் மற்றச் சாமானைத் தொட வேண்டும். நான் கிணற்றடிக்குப் போய்க் கை, முகம், கால் கழுவி ஒழு எடுத்துவிட்டு வந்து அப்படிச் செய்தேன். பிறகு பெட்டகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினேன்.

தலைக்கு மேல் சரசரவென்று ஒரு சத்தம். தூசி என் தாளில் விழுந்தது.

முதலில் எலி என்று நினைத்தேன். பிறகு முன்பக்கத்துக் கூரையில் வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அடுத்த ஓலைக் கிடுகு உரிந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தது. ஐயா வருமுன்னே ஹாஜியார் கூரையைப் பிரிக்க விட்டுவிட்டார்.

வெளியே போய்க் கத்த எழும்பினேன். அப்போது தறியின் மிதிகட்டை அசைந்தது.

தறியில் ஒருவரும் இல்லை. கட்டை மெதுவாகக் கீழே போய், மெதுவாக மேலே வந்தது. பாவு நூல்கள் ஒருமுறை பிரிந்து மூடின. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, வாய் தானாக ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கியது. ஓதிக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

குழிக்குள், நெய்த துணிக்குக் கீழே, இரண்டு கண்கள்.

"சத்தம் போடாதீங்க ராத்தா," என்றாள் அவள். "உங்கட ஸலாத்துக்கு மனசுக்குள்ள பதில் சொன்னன்."

அவளுடைய பெயர் சுபைதா. என்னைவிட இளையவள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் ஒடுங்கியிருந்தாள். வளவில் எங்கள் பேச்சுக் கேட்டதுமே அதற்குள் இறங்கியிருக்கிறாள். கூரை பிரிவது கேட்டு இன்னும் ஒடுங்கும்போது பாதம் பட்டுக் கட்டை அசைந்திருக்கிறது.

"உங்கட ஆக்கள் எங்க?"

"காக்கா மற்றச் சாமானோட போனார். நீ இங்கேயே இரு, வெள்ளைக்குள்ள ஒருத்தனும் வரமாட்டான், நீ இருக்குமட்டும் வீடு நம்மட கையில எண்டார். ஆரு கூப்பிட்டாலும் குரல் குடுக்கப்படா எண்டார்."

"வெளிய வாங்க. நான் உங்கள மூடிக் கூட்டிப் போறன்."

அவள் தலையை அசைத்தாள். "இத்தா முடியல்ல ராத்தா. அடுத்த பிறை காணவேணும். அதுக்குள்ள ஆம்பிளைகளுக்கு முன்னால வந்தா காக்கா வெட்டுவார். தென்னந்தோட்டத்துக்குள்ளதான் கத்தியோட நிக்கிறார். உங்களையா என்னையா எண்டு தெரியா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் காக்கா என்ற அந்தத் தமையன் அவளை வீட்டுக்குப் பூட்டாக விட்டுப் போயிருக்கிறான். ஹாஜியார் அந்தப் பூட்டுக்குத் திறப்பாக என்னைக் கொண்டுவந்திருக்கிறார். இருவரில் ஒருவருக்கும் எங்கள் முகம் தேவைப்படவில்லை.

மேலே இன்னொரு கிடுகு போனது. வெளிச்சம் தறியின் முனையைத் தொட்டுவிட்டது. இனி இரண்டு மூன்று கிடுகு போனால் மேலே இருப்பவன் நேரே குழிக்குள் பார்ப்பான்.

இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசியுங்கள். "பெண் இருக்கிறாள்" என்று கத்தியிருந்தால், இளவயசுப் பெண் ஒருத்தி துணையில்லாமல் தனியே இருக்கிறாள் என்று முன்பின் தெரியாத கூலிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியதாகும். கத்தியோடு நிற்பவனுக்கும் கேட்கும். "காலி" என்று சொன்னால் அது பொய். நான் கையெழுத்துப் போட்டு ஒருநாளும் பொய் எழுதியதில்லை. பேசாமல் இருந்தால் கூரை திறந்துவிடும். ஆற அமர யோசிக்க நேரமுமில்லை.

அறைக்குள் கொடியில் கிடந்த போர்வையை எடுத்துத் தறியின் மேல் போட்டுவிட்டு வளவுக்கு வந்தேன்.

"ஆரு கூரையில ஏறச் சொன்ன?" என்றேன். என் குரல் எனக்கே மெல்லிசாகக் கேட்டது.

"நான்தான்," என்றார் ஹாஜியார். "உள்ளுக்கு ஆளிருக்கா?"

நான் ஏணியடிக்கு நடந்தேன்.

"புள்ள, உங்களத்தான். உள்ளுக்கு ஆளிருக்கா, இல்லையா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

கூலிக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏணி உச்சியில், கூரையில் குந்தியிருந்தவனும் குனிந்து பார்த்தான். அவனைக் காசிம் என்று கூப்பிட்டார்கள்.

"நான் கண்டத ஐயாவுக்குத்தான் சொல்லுவன், ஹாஜியார்," என்றேன். "எனக்குச் சம்பளம் தாறது கந்தோர். உங்களுக்குச் சொல்ல எனக்கு உத்தரவில்ல."

"பாருங்கடா, மீன்காரன்ட மகள் சட்டம் கதைக்கிறா," என்று அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. "காசிம், நீ மேல இருந்து பாத்துச் சொல்லு. கிடுகக் கழட்டு."

நான் ஏணியைப் பிடித்தேன். பிடித்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. காசிம் ஏற்கனவே மேலே இருந்தான். அவன் ஒரு கிடுகைத் தூக்கி, முகத்தைக் குனிந்து உள்ளே பார்த்தான். நான் போட்ட போர்வை பாவைத்தான் மூடியிருந்தது. குழியின் ஓரத்தை மூடவில்லை. அதை நான் கீழே நின்றபோதுதான் நினைத்தேன்.

அவன் முகத்தை வெளியே எடுத்தான். பிறகு தூக்கிய கிடுகை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"ஹாஜியார், ஓலைக்குள்ள பாம்பு," என்றான்.

"என்ன பாம்பு?"

"கண்ணாடி விரியன். சோடி மாதிரி. நான் இறங்கிறன்."

"விளையாடாதடா. கம்பால தள்ளு."

"நீங்க ஏறித் தள்ளுங்க," என்றான் காசிம் இறங்கிக்கொண்டே. "எனக்குப் புள்ளையள் இரிக்கி."

மற்றவர்களில் ஒருவனும் ஏணிப் பக்கம் வரவில்லை. ஹாஜியார் கூரையை அண்ணாந்து பார்த்தார், ஆனால் சாரத்தை மடித்துக் கட்டவில்லை. காசிம் என் முகத்தைப் பார்க்காமல் என்னைக் கடந்து போய், ஏணியைப் படுக்க வைத்து, அதன்மேல் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் என்ன கண்டான் என்று எனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னான் என்று அப்போது தெரியாது. நல்லதற்குத்தான் என்று நம்பவும் பயமாக இருந்தது. ஐயா வரும்வரை வெள்ளைத் துணி வாசலில் என் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

ஐயாவும் விதானையாரும் வேலிக் கடப்பைத் தாண்டி உள்ளே வந்ததும் ஓடிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. குடையை மடக்கினார்.

"வீடு காலியில்ல, ஹாஜியார். இண்டைக்குக் குடுக்கேலாது."

"ஆளிருந்தா எழுப்பித் தாறதுதானே உங்கட வேலை?"

"எழுப்புவன். அந்த வெள்ளைக்குரிய நாள் முடிஞ்சாப் பிறகு வருவன். நான் வாறதுக்குள்ள கூரையில கைவைச்சதையும் கோட்டுக்கு எழுதவேணும். எழுதட்டா?"

ஹாஜியார் இரண்டடி பின்னுக்குப் போனார். அந்த நேரத்தில்தான் வேலியைப் பிரித்துக்கொண்டு தமையன் வந்தான். கையில் தேங்காய் வெட்டும் கத்தி.

"வெள்ளைக்குள்ள போன ஆரு?"

ஐயா எனக்கு முன்னால் வரப் பார்த்தார். ஆனால் கேள்வி எனக்கு. "நான்," என்றேன்.

"உனக்கு அங்க என்ன வேலை?"

"நான் உங்கட தங்கச்சிய வெளிய கொண்டுவரல்ல. ஒரு ஆம்பிளைக்கும் காட்டவுமில்ல. அவவத் தனிய விட்டுட்டுப் போனது நீங்க. மேல பாருங்க."

அவன் கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியிடம் போனான். காசிம் எழும்பி ஏணியைச் சாத்திப் பிடித்தான். உரித்த கிடுகுகளைக் காசிம் கீழிருந்து நீட்ட, தமையன் மேலிருந்து வாங்கிக் கட்டினான். அவன் ஒருவன்தான் அந்த அறையை மேலிருந்து பார்க்க உரிமையுள்ளவன். கட்டி முடித்துவிட்டு ஓலை இடுக்கால் உள்ளே சொன்னான்:

"குரல் குடுக்காத எண்டு சொன்னன். பிறை காணட்டும், உன்னோட கதைக்க இரிக்கி."

அந்தப் பேச்சு எனக்கு அன்றிரவு சோற்றை இறக்க விடவில்லை. விதானையாரின் மனைவி துணைக்குப் போய்ப் படுப்பதாக ஏற்பாடு செய்திருந்தோம். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது அந்தக் கத்திதான் கண்ணுக்குள் நின்றது.

பிறை கண்டு, இத்தா முடிந்ததென்று தெரிந்த பிறகு மறுபடி போனோம். அதே ஹாஜியார், அதே கூலிக்காரர்கள், அதே ஏணி. தமையன் வேலியோரம் குந்தியிருந்தான். கையில் கத்தி இல்லை.

"தங்கச்சி எங்க?" என்று கேட்டேன்.

"தெரியா."

"எப்ப போனா?"

"தெரியா எண்டு சொல்றன்தானே."

விதானையாரின் மனைவி இறக்காமத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டாவாம். ஒழுங்கையில் கேட்டோம். போனதைக் கண்டவர் ஒருவருமில்லை.

குடத்தைப் பார்த்தேன். கவிழ்த்திருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வெள்ளைத் துணி வாசலில் இல்லை. துவைத்து, மடித்து, பெட்டகத்தின் மேல் இருந்தது. பாதியாக நின்ற சாரத்தை யாரோ நெய்து முடித்து அறுத்து எடுத்திருந்தார்கள். தறிச் சட்டங்களைக் கழற்றிக் கட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். அறை வெறுமையாகப் பெருக்கிக் கிடந்தது.

நான் நடுநிலத்தைப் பார்த்தேன். குழி இல்லை. குழி இருந்த இடத்தில் புது மணல். நிலமட்டத்துக்கு நிரப்பி, தட்டி, தண்ணீர் தெளித்திருந்தது.

"முடிஞ்சுதா புள்ள?" என்று வெளியே ஹாஜியார் கேட்டார். "காலிதானே?"

காலிதான். கண்ணுக்கு ஒன்றுமில்லை. எழுதுவதற்கு இருந்த சாமான்களை எழுதியாகிவிட்டது. அவள் பாட்டுக்கு எங்கேயோ போயிருப்பாள் என்று நினைக்க எல்லா அடையாளமும் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வெயிலுக்கு ஓடிவிடத்தான் என் கால்கள் துடித்தன. அந்த மணலுக்குப் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. ஆனால் நான் சொன்ன அன்றே அந்த ஓலை வீட்டைப் பிரித்து, மேலே அத்திவாரம் போடுவார்கள். அதன்பிறகு அந்த இடத்தில் யார் என்ன தேடுவது?

முழங்காலில் இருந்து கையால் மண்ணைத் தோண்டத் தொடங்கினேன்.

வெள்ளை இல்லாதபடியால் ஆண்கள் வாசலுக்கு வந்தார்கள். "என்ன, புதையலா?" என்றார் ஹாஜியார். ஐயா அவரைக் கையமர்த்தினார். என்ன செய்கிறேன் என்று அவர் என்னிடமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காசிம் மண்வெட்டியோடு உள்ளே வந்தான்.

"நீங்க தள்ளுங்க தங்கச்சி. வெட்டமாட்டன், வழிச்சுத்தான் எடுப்பன்," என்றான்.

அவன் மெல்ல மெல்ல மணலை வழித்தான். ஒவ்வொரு முறையும் தகடு எதையாவது தொடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தமையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தை ஒருமுறை பார்த்தேன். அவனும் என்னைப் போலவேதான் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடியில் களிமண் தெரிந்தது. நெசவுகாரரின் குதிகால்கள் வருஷக்கணக்காக ஊன்றிய இரண்டு பள்ளங்கள் வழவழவென்று இருந்தன. வேறொன்றுமில்லை. நான் கையை விட்டு நாலு மூலையும் தடவினேன்.

தமையன் நிலையோடு சரிந்து கீழே உட்கார்ந்தான். "அல்லாஹ்," என்றான்.

நான் வெளியே வந்து, "காலி ஐயா," என்றேன்.

அவள் எங்கே என்று தெரியாமலே மாரிமழை தொடங்கியது. விதானையாரின் பொறுப்பில் விட்ட தறிச் சட்டங்களை எடுக்க ஒருவரும் வரவில்லை. ஒருநாள் ஒரு மாட்டுவண்டில் விதானையாரின் கொட்டிலுக்கு முன்னால் நின்றது. நான் அன்று அங்கே வேறு சாமான் எழுதிக்கொண்டிருந்தேன். வண்டிலில் இருந்து முக்காடு போட்ட ஒருத்தி இறங்கி ஸலாம் சொன்னாள். கண்களைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த முகத்தை வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

பிறை கண்ட மறுநாளே, தமையன் கதைக்க வருமுன், சாரத்தை நெய்து முடித்து எடுத்துக்கொண்டு இறக்காமத்தில் இருக்கும் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். கூட்டிப்போனது கலியாணத்துக்குப் போன விதானையாரின் மனைவி. திரும்பி வந்த பிறகும் அவ ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அங்கே தறி போடப் போகிறாளாம்.

"அந்தக் குழிய ஏன் மூடினீங்க?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த கோபம் அவளுக்கு விளங்கியிருக்காது.

"பின்ன? திறந்து கிடந்தா வாற ஆக்கள்ட புள்ளையள் விழுந்திடாதா? இருந்த வீட்டச் சரியாக்கிக் குடுக்கிறதுதானே ராத்தா." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "மூடினதால உங்களுக்கென்ன கரைச்சல்? நீங்க பாக்கக்குள்ள வெறும் நிலம்தானே?"

"தோண்டினன்."

"என்னத்துக்கு?"

நான் தாளைக் குனிந்து பார்த்து எழுதத் தொடங்கினேன். அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கியது. சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டிலில் கடைசிச் சட்டத்தை ஏற்றிக் கட்டிய பிறகுதான் பேசினாள்.

"தோண்டினது சரி. திரும்ப மூடினீங்களா?"

"மூடினோம். காசிம் காக்காவும் நானும். தண்ணியும் தெளிச்சோம்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு வண்டிலில் ஏறினாள்.

உங்களுக்குச் சொல்ல இதைவிட என்னிடம் ஒன்றுமில்லை. வெளியில் நிற்கிறவர்கள் எப்போதும் அவசரப்படுவார்கள். உங்களுக்கும் பயத்தில் கால் வெளியே இழுக்கும். குனிந்து பாருங்கள், கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வேண்டுமானால் தோண்டுங்கள். பிறகு நிலத்தைச் சரியாக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.